ஒரு கறுப்பு வில்லையும் ஒரு மில்லிவோல்ட்டும்: மீக்கடத்திச் செய்முறைப் பெட்டி பற்றிய மதிப்புரை

மீக்கடத்தி என்பது போதிய அளவு குளிர்வித்தால் மின்தடையை முற்றிலும் இழந்துவிடும் பொருள். கல்லூரிகளுக்கென விற்கப்படும் உயர் வெப்பநிலை மீக்கடத்திச் செய்முறைப் பெட்டிகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் மீக்கடத்திப் பொருளாலான ஒரு கறுப்பு வில்லை, ஒரு சிறிய நியோடிமியக் காந்தம், தெர்மோகோல் தட்டு, காந்தத்தில் ஒட்டாத இடுக்கி ஆகியவை மட்டுமே இருக்கும். திரவ நைட்ரஜனை ஊற்றினால் காந்தம் மிதக்கும், சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள், அத்துடன் பெட்டியின் வேலை முடிந்துவிடும். இரண்டாம் வகையில் வில்லை ஒரு பித்தளை உறைக்குள் பொருத்தப்பட்டு, அதிலிருந்து நான்கு மெல்லிய கம்பிகளும் வெப்பநிலையை அளக்கும் ஒரு வெப்ப மின்னிரட்டையும் வெளியே வரும். விலை வேறுபாடு கணிசமானது என்பதால் கொள்முதல் குழுக்கள் பெரும்பாலும் முதல் வகையோடு நிறைவடைந்துவிடுகின்றன. எங்கள் முதுநிலை இயற்பியல் ஆய்வகத்தில் இரண்டாம் வகைப் பெட்டியொன்றை ஒரு கல்வியாண்டு முழுவதும் பயன்படுத்தியபின் இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மிதக்கும் காந்தத்தைக் காட்டுவதற்காக மட்டும் இதை வாங்குவது வீண்செலவு, மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்தும் ஒரு பொருள் எப்படி மீக்கடத்தியாகிறது என்ற கேள்வியை மாணவர்கள் தாமே அளந்து எதிர்கொள்ள வேண்டுமென்றால், ஒரு சாதாரணக் கல்லூரியின் கைக்கு எட்டும் தொலைவில் இதைவிட நல்ல கருவி இல்லை.

பெட்டிக்குள் இரண்டு வில்லைகள் உள்ளன. ஒன்று இட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்த கலவை. அதன் மாறுநிலை வெப்பநிலை, அதாவது அது மீக்கடத்தியாக மாறும் வெப்பநிலை, ஏறத்தாழ 92 கெல்வின். மற்றது பிஸ்மத், ஸ்ட்ரான்சியம், கால்சியம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்தது. அது 110 கெல்வினுக்கு அருகிலேயே மீக்கடத்தியாகிவிடும். திரவ நைட்ரஜனின் கொதிநிலை 77 கெல்வின் என்பதால் இரண்டையும் அதைக் கொண்டே குளிர்வித்துவிடலாம். பார்வைக்கு இரண்டுமே உடைந்த மண்சட்டித் துண்டு போலத்தான் இருக்கின்றன; உலோகப் பளபளப்பு அறவே இல்லை. பித்தளை உறையின் வேலைப்பாடு நேர்த்தியானது. கம்பிகளின் நிறக்குறியீடும் தெளிவாக உள்ளது.

நான்கு முனை அளவீடு இந்தப் பெட்டியின் உயிர். வெளி இணை வழியாக அரை ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தி, உள் இணைக்கிடையே மின்னழுத்தத்தை அளக்கிறோம்; தொடுமுனைகளின் தடை கணக்கில் சேராமல் வில்லையின் தடை மட்டும் கிடைக்கிறது. அறை வெப்பநிலையில் இட்ரியம் வில்லை ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட் காட்டுகிறது. குளிரக் குளிர அது ஏறக்குறைய நேர்கோட்டில் இறங்கி, 100 கெல்வினை நெருங்கும்போது பாதிக்கும் கீழே வந்து, பின்னர் சில கெல்வின் இடைவெளிக்குள் திடீரெனச் சுழியத்துக்குச் சரிந்துவிடுகிறது. இந்தச் சரிவைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். என் கருத்தில், சரிவுக்கு முந்தைய நேர்கோடும் அது தொடங்கும் அந்த ஒரு மில்லிவோல்ட்டும்தான் அதிகம் சொல்கின்றன.

ஏன் என்பதை விளங்கவைக்க, பெட்டியில் இல்லாத ஒரு பொருளை நாங்களே சேர்த்துக்கொண்டோம். வில்லையின் அதே அளவில் ஒரு தாமிரத் தகட்டைக் கடைந்து, அதே கம்பிகளை அதே இடைவெளியில் பொருத்தி, அதே அரை ஆம்பியரைச் செலுத்தினோம். அறை வெப்பநிலையிலேயே மானி சுழியத்தைக் காட்டியது. தாமிரத்தின் மின்தடை எண் 1.7 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர். கறுப்பு வில்லையினுடையது அதைப்போல் பல நூறு மடங்கு. ஆகவே தாமிரத்தின் குறுக்கே விழும் ஒன்றிரண்டு மைக்ரோவோல்ட்டை எங்கள் மானியால் காணவே முடியாது. இரண்டு அளவீடுகளையும் பெயரில்லாமல் அருகருகே வைத்து, இவற்றில் மீக்கடத்தி எது என்று கேட்டால், நன்றாகப் படிக்கும் மாணவர்கள்கூடத் தாமிரத்தைத்தான் காட்டுகிறார்கள். மானியில் தெரியும் சுழியம் வேறு, உண்மையான சுழியம் வேறு என்பதைப் பேச இதைவிட நல்ல தருணம் வாய்க்காது. மீக்கடத்தி வளையத்தில் சுற்றவிட்ட மின்னோட்டம் தேய எவ்வளவு காலமாகும் என்று 1963இல் ஃபைல், மில்ஸ் இருவரும் அளந்தபோது, அது ஒரு லட்சம் ஆண்டுகளுக்குக் குறையாது என்ற முடிவு கிடைத்தது. தாமிரச் சுருளில் அதே மின்னோட்டம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அடங்கிவிடும்.

பெட்டியின் பெருங்குறை அதன் கையேட்டில்தான் இருக்கிறது. உலோகங்களைக் குளிர்வித்தால் மின்தடை குறைகிறது, சிலவற்றில் அது முற்றிலும் மறைகிறது, அதுவே மீக்கடத்தல் என்று அது தொடங்குகிறது. இதைப் படிப்பவர், நன்றாகக் கடத்தும் உலோகமே இன்னும் நன்றாகக் கடத்தி மீக்கடத்தியாகும் என்று எண்ணுவார். உண்மை கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறானது. உலகின் தலைசிறந்த கடத்திகளான வெள்ளி, தாமிரம், தங்கம் ஆகிய மூன்றும் இதுவரை எட்டிய மிகத் தாழ்ந்த வெப்பநிலைகளிலும் மீக்கடத்தியானதில்லை. அறை வெப்பநிலையில் தாமிரத்தைவிடப் பன்னிரண்டு மடங்கு மோசமான ஈயம் 7.2 கெல்வினில் மீக்கடத்தியாகிறது, வெள்ளீயம் 3.7 கெல்வினில், நியோபியம் 9 கெல்வினுக்குச் சற்று மேலேயே. ஓரளவு நன்றாகக் கடத்தும் அலுமினியம் 1.2 கெல்வின்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

முதன்முதலில் இது கண்டறியப்பட்ட வரலாறே இந்தத் தவறான எண்ணத்தைத் திருத்தப் போதுமானது. கையேடு அதை ஒரு வரியில் கடந்துபோகிறது. நெதர்லாந்தின் லைடனில் இயற்பியலாளர் காமர்லிங் ஓன்னஸ் முதலில் எடுத்துக்கொண்டது பிளாட்டினத்தையும் தங்கத்தையும்தான். எவ்வளவு குளிர்வித்தும் அவற்றில் ஒரு எச்சத்தடை தங்கிவிட்டது. அதற்குக் காரணம் மாசு என்று அவர் கருதினார். பாதரசத்தைத் திரும்பத் திரும்ப வடித்துத் தூய்மையாக்கலாம் என்பதால் அதற்கு மாறினார். 1911இல் 4.2 கெல்வினுக்கு அருகில் அதன் தடை மறைந்தது. அறை வெப்பநிலையில் பாதரசம் தாமிரத்தைவிட ஐம்பது மடங்குக்கும் மேல் மோசமான கடத்தி. தூய்மையைத் தேடிப் போனவர் கையில், உலோகங்களுக்குள் மிக மோசமாகக் கடத்தும் ஒன்று அகப்பட்டது தற்செயல்தான். தங்கத்தோடு அவர் நின்றிருந்தால் அன்று ஒன்றும் கிடைத்திருக்காது.

இந்த முரண்பாட்டுக்கான விளக்கம் 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் தந்த பி.சி.எஸ். கோட்பாட்டுக்குள் இருக்கிறது. எலக்ட்ரான் ஒன்று அயனிகளுக்கிடையே செல்லும்போது அவற்றைச் சற்றே தன்பால் இழுக்கிறது. அயனிகள் கனமானவை என்பதால் எலக்ட்ரான் கடந்துசென்ற பின்னும் அந்த நெரிசல் சிறிது நேரம் நீடிக்கிறது. அங்கே திரண்ட நேர்மின்னூட்டம் இன்னொரு எலக்ட்ரானை ஈர்க்கிறது. இப்படி அணிக்கோவையின், அதாவது அயனிகளின் ஒழுங்கான அடுக்கின், அதிர்வு வழியாக இரண்டு எலக்ட்ரான்கள் கூப்பர் இணையாகின்றன. பாதரசத்தின் ஐசோடோப்புகளில் அணு கனமானால் மாறுநிலை வெப்பநிலை இறங்குகிறது என்று 1950இலேயே காணப்பட்டிருந்தது; அதிர்வுக்கு இதில் பங்குண்டு என்பதற்கு அதுவே சான்று. இனி, சாதாரண வெப்பநிலையில் உலோகத்தின் தடைக்கு முதன்மையான காரணம் எது என்று பார்த்தால், அதே அதிர்வுகள் எலக்ட்ரான்களை மோதிச் சிதறடிப்பதுதான். எலக்ட்ரானுக்கும் அதிர்வுக்கும் உள்ள பிணைப்பு வலுவாக இருக்கும் உலோகம் வெம்மையில் மோசமாகக் கடத்தும், குளிரில் எளிதாக இணை சேர்க்கும். இந்தப் பிணைப்பைக் குறிக்கும் எண் ஈயத்துக்கு ஏறத்தாழ 1.5, தாமிரத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கு அளவே. தாமிரத்தில் எலக்ட்ரான்கள் அயனிகளைப் பொருட்படுத்தாமல் போய்விடுகின்றன. வெம்மையில் அதற்குப் பெருமை சேர்க்கும் அதே குணம்தான் குளிரில் இணை சேரவிடாமல் செய்கிறது.

இந்தப் பகுதியைக் கையேடு தவறவிட்டிருந்தால் ஆசிரியர் சொல்லி ஈடுகட்டிவிடலாம். ஆனால் அது இன்னொரு படி போய், மேற்சொன்ன அதிர்வுப் படத்தை வரைந்து, பெட்டியிலுள்ள கறுப்பு வில்லையும் அப்படியே இயங்குகிறது என்று எழுதிவிட்டது. இதை ஏற்பதற்கில்லை. 1986இல் சூரிச் அருகே ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்நோர்ட்ஸ், முல்லர் இருவரும் லாந்தனம் கலந்த தாமிர ஆக்சைடில் 30 கெல்வினையொட்டி மீக்கடத்தலைக் கண்டதும், மறு ஆண்டே அமெரிக்காவில் வூ, சூ ஆகியோரின் குழுக்கள் இட்ரியம் கலவையில் 93 கெல்வினை எட்டியதும் உலகை வியக்கவைத்தது வெறும் எண்ணின் உயரத்தால் அன்று. இந்தப் பொருள்களில் கடத்தல் மோசமாக இருப்பதற்கான காரணமே வேறு.

அதை இந்த வில்லையைக் கொண்டே விளக்கலாம். இட்ரியம் கலவையில் ஆக்சிஜன் அணுக்களின் எண்ணிக்கையை வாய்பாட்டுக்கு 6 என்ற அளவுக்குக் குறைத்தால் அது மின்கடத்தாப் பொருளாகிவிடுகிறது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதைப் பெரிதாகக் கொள்ளாத எளிய பட்டைக் கோட்பாட்டின்படி அது கடத்தியாக இருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு தாமிர அணுவிலும் ஓர் இடம் பிடித்திருக்கும் எலக்ட்ரான், பக்கத்து அணுவுக்குத் தாவினால் அங்கே இருப்பதன் விலக்கு விசையைச் சந்திக்க வேண்டும் என்பதால் அசையாமல் நின்றுவிடுகிறது. அசையாத எலக்ட்ரான்களின் சுழற்சிகள் (ஸ்பின்) ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் அடுக்கி நிற்கின்றன; இந்த எதிர்க்காந்த ஒழுங்கு அறை வெப்பநிலைக்கும் மேலே, 400 கெல்வின் தாண்டியும் குலைவதில்லை. ஆக்சிஜனைச் சேர்க்கச் சேர்க்க, தாமிர அடுக்குகளிலிருந்து சில எலக்ட்ரான்கள் வெளியே இழுக்கப்பட்டுக் காலியிடங்கள் தோன்றுகின்றன. அந்தக் காலியிடங்கள் வழியாக நகர்வு தொடங்குகிறது. 6.4 அளவில் மீக்கடத்தல் தலைகாட்டி, 6.9 தாண்டியதும் 93 கெல்வின் என்ற உச்சத்தை எட்டுகிறது. ஆக, நம் கையிலிருப்பது சரியாக வளராத ஓர் உலோகம். கடத்தாப் பொருளின் வாசலைத் தாண்டிச் சிறிது தொலைவே வந்திருப்பது.

இங்கே இணை சேர்ப்பது எது என்பது இன்றும் முற்றாகத் தீராத வழக்கு. பிரின்ஸ்டனின் பிலிப் ஆண்டர்சன் 1987இல், எதிர்த்திசைச் சுழற்சிகள் கொண்ட எலக்ட்ரான்கள் கடத்தா நிலையிலேயே இணை இணையாகப் பிணைந்திருக்கின்றன, காலியிடங்கள் தோன்றியதும் அந்த இணைகள் நகரத் தொடங்குகின்றன என்ற கருத்தை முன்வைத்தார். அதே ஆண்டில் அதை ஒரு கணக்கீட்டுக் கோட்பாடாக வடித்தவர்களில் ஒருவர், சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஜி. பாஸ்கரன். அந்தக் கோட்பாட்டை எல்லோரும் ஏற்றுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் எலக்ட்ரான்களின் விலக்கு விசையே மறைமுகமாக இணை சேர்க்கிறது என்னும் திசையில் பெரும்பாலோர் நகர்ந்திருக்கிறார்கள். 1994இல் ஐ.பி.எம்.மின் யார்க்டவுன் ஹைட்ஸ் ஆய்வகத்தில் சுயேய், கர்ட்லி குழுவினர், மூன்று இட்ரியம் படிகங்கள் சந்திக்கும் இடத்தில் அரைக் காந்தப்பாயக் குவாண்டத்தை, அதாவது மீக்கடத்தி வளையத்தில் வழக்கமாகச் சிக்கும் காந்தப்பாயத்தின் மிகச்சிறு அலகில் பாதியை, கண்டார்கள். இணையின் அலைச்சார்பு திசைக்குத் திசை குறி மாறுகிறது என்பதற்கு அது வலுவான சான்று. ஈயத்தில் இணைகள் அப்படியில்லை. குறி மாறும் இணையில் இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே அணுவில் ஒருசேர அமர்வது தவிர்க்கப்படுகிறது; ஒன்றையொன்று விலக்கும் எலக்ட்ரான்களுக்கு அதுதான் உகந்த ஏற்பாடு.

மோசமான கடத்தல் இன்னொரு விளைவையும் கொண்டுவருகிறது. மீக்கடத்தலுக்கு இணை சேர்வது மட்டும் போதாது. எல்லா இணைகளும் ஒரே கட்டத்தில் (அலையின் ஏற்ற இறக்கங்கள் ஒத்துப்போகும்படி), ஒரே அலையாக நகர வேண்டும். வடம் பிடிக்க ஆள் திரண்டுவிட்டாலும் எல்லோரும் ஒரே மூச்சில் இழுத்தால்தான் தேர் அசையும். ஈயத்தில் எலக்ட்ரான்கள் ஏராளம் என்பதால் இணை சேர்ந்த கணமே கட்டமும் ஒன்றிவிடுகிறது. தாமிர ஆக்சைடில் நகரக்கூடிய மின்னூட்டங்கள் குறைவு. இணைகள் உருவானபின்னும் வெப்ப அலைக்கழிப்பு அவற்றின் கட்டத்தைக் குலைத்துக்கொண்டே இருக்கலாம். எமரி, கிவல்சன் இருவரும் 1995இல் எழுதிய கட்டுரைகளில், காலியிடங்கள் குறைவான கலவைகளில் மாறுநிலை வெப்பநிலையை நிர்ணயிப்பது இணை சேரும் வலு அன்று, இந்தக் கட்ட ஒழுங்கின் வலுவே என்று வாதிட்டார்கள். ‘மோசமான உலோகம்’ என்று அவர்கள் அழைத்தது, எலக்ட்ரான் இரு மோதல்களுக்கிடையே கடக்கும் தூரத்தைக் கணக்கிட்டால் அது ஓர் அணு இடைவெளியைவிடக் குறைவாக வரும் பொருள்களை. சாதாரண உலோகத்தில் அந்த எல்லையை நெருங்கினால் தடை ஏறுவது நின்றுவிடும். லாந்தனம் வகைத் தாமிர ஆக்சைடில் அது 1000 கெல்வின்வரை நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது. எங்கள் மாணவர்கள் வரைந்த நேர்கோடு அந்தப் பெரிய கோட்டின் சிறு துண்டு. அதற்கு முழு விளக்கம் இன்னும் இல்லை என்று சொன்னபோது வகுப்பில் எழுந்த ஆர்வம், காந்தம் மிதந்தபோது எழுந்ததைவிடக் குறைவில்லை.

மிதப்பைப் பற்றியும் கையேடு அவசரப்பட்டிருக்கிறது. காந்தம் மிதப்பதெல்லாம் 1933இல் மெய்ஸ்னர், ஓக்சன்ஃபெல்ட் கண்ட காந்தப்புல விலக்கம் என்று அது சொல்கிறது. இவ்வகை வில்லையில் காந்தப்புலம் நூலிழைகளாக உள்ளே புகுந்து குறைபாடுகளில் சிக்கிக்கொள்கிறது. காந்தம் பக்கவாட்டில் நழுவாமல் நிற்பதும், வில்லையைத் தூக்கினால் கூடவே தொங்கி வருவதும் அந்தச் சிக்கலால்தான். காந்தத்தை முன்பே வில்லைமேல் வைத்துவிட்டுக் குளிர்வித்தால் அது மிகச் சிறிதே எழும்புகிறது என்பதை மாணவர்கள் உடனே கவனித்துவிடுவார்கள்; ஆசிரியர் பதிலோடு தயாராக இருப்பது நல்லது.

இனி, பயன்படுத்துவோர் அறிய வேண்டிய சில நடைமுறைச் செய்திகள். பெட்டியுடன் வரும் பன்மானி இந்த வேலைக்குப் போதாது, அது 0.1 மில்லிவோல்ட்டுக்குக் கீழே காட்டாது. பத்து மைக்ரோவோல்ட்வரை பிரித்துக்காட்டும் மேசை மானி ஒன்றைத் தனியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கம்பி இணைப்புகளில் வெப்பநிலை வேறுபாட்டால் எழும் சிறு மின்னழுத்தம் கணக்கைக் கெடுக்கும் என்பதால் ஒவ்வொரு அளவீட்டிலும் மின்னோட்டத்தின் திசையை மாற்றி இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். கையேட்டில் இதற்கு ஒரு சொல்கூட இல்லை. வெப்ப மின்னிரட்டை தாமிரம், கான்ஸ்டன்டன் வகையைச் சேர்ந்தது. ஒப்பீட்டு முனையைப் பனிக்கட்டி நீரில் வைத்தால் திரவ நைட்ரஜனில் ஏறத்தாழ 5.5 மில்லிவோல்ட் காட்டும், அதைக் கொண்டு முதலில் சரிபார்த்துக்கொள்ளலாம். வில்லையை நேராக நைட்ரஜனில் அமிழ்த்திக் குளிர்விக்கும்போது மின்னிரட்டையும் வில்லையும் வெவ்வேறு வெப்பநிலையில் இருப்பதால் வளைகோடு பல கெல்வின் தள்ளிப்போகிறது. உறையை மணல் நிரப்பிய கிண்ணத்தில் புதைத்து, நைட்ரஜன் ஆவியானபின் மெல்ல வெப்பமேறும்போது அளந்தால் இட்ரியம் வில்லையின் சரிவு 92 கெல்வினுக்கு மிக அருகில் விழுகிறது.

உறையின் வெளிவேலைப்பாடு நேர்த்தியாக இருந்தாலும் உள்ளே கம்பிகளை ஒட்டியிருக்கும் வெள்ளிப் பசை நம்பத்தக்கதாக இல்லை. அறை வெப்பநிலைக்கும் 77 கெல்வினுக்கும் இடையே திரும்பத் திரும்பப் போய்வந்ததில் பிஸ்மத் வில்லையின் ஒரு தொடுமுனை கழன்றுவிட்டது. விற்றவர்களிடம் கேட்டதற்கு முழு உறையையும் மாற்றித்தான் தருவோம், அதற்குத் தனிவிலை என்றார்கள். பசையை மட்டும் விற்க அவர்களுக்கு மனமில்லை. நாங்களே வெள்ளிப் பசை வாங்கி ஒட்டிக்கொண்டோம். அந்த இடத்தில் சூடான பற்றவைப்புக் கோலைக் கொண்டுபோவது கூடாது. வில்லையில் விரிசல் விழும்.

ஈரம் இட்ரியம் வில்லையின் பகை. நீர் பட்டால் அது மெல்லச் சிதைந்து பேரியம் ஹைட்ராக்சைடும் வேறு ஆக்சைடுகளுமாகப் பிரியும். நைட்ரஜனிலிருந்து எடுத்ததும் வில்லைமேல் உறைபனி படிவதைத் தவிர்க்க முடியாது. ஆகவே உடனே மின்விசிறியடியில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். பெட்டியுடன் வந்த நுரை உறையிலேயே திரும்ப வைப்பது தவறு, அது ஈரத்தைத் தேக்கி வைக்கும்.

திரவ நைட்ரஜன் கிடைக்குமா என்ற தயக்கத்தில் பல கல்லூரிகள் இந்தச் செய்முறையையே தவிர்க்கின்றன. கால்நடைச் செயற்கைக் கருவூட்டலுக்கு உறைவிந்துக் குச்சிகளைத் திரவ நைட்ரஜனில்தான் வைக்கிறார்கள் என்பதால் அதை வழங்கும் வலையமைப்பு மாவட்டங்கள்தோறும் இருக்கிறது. தொழிலக வாயு விற்பனையாளர்களும் தருகிறார்கள். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரியும். எனவே குடுவையை இறுக மூடக் கூடாது, சன்னல் திறந்த அறையில்தான் ஊற்ற வேண்டும், முகத்தை மறைக்கும் ஒளிபுகு கவசமும் தளர்வான கையுறையும் கட்டாயம்.

பள்ளிகளுக்கும் அறிவியல் கண்காட்சிக்கும் மலிவான முதல் வகைப் பெட்டியே போதும். முதுநிலை ஆய்வகத்துக்கு வாங்குபவர்கள் நான்கு முனை வகையை இரண்டு வில்லைகளோடும் கேட்டு வாங்கலாம். பன்மானி இல்லாத தொகுப்பு கிடைத்தால் அதையே எடுத்து, மிச்சமாகும் பணத்தை நல்ல மானிக்கு வைத்துக்கொள்ளலாம். விலைப்புள்ளி கேட்கும்போதே உதிரி வெள்ளிப் பசையையும் பட்டியலில் சேர்க்கச் சொல்வது நல்லது. கையேட்டின் செய்முறைப் பக்கங்களையும் மின்னிரட்டை அட்டவணையையும் மட்டும் படியெடுத்துக் கொடுத்துவிட்டு, கோட்பாட்டு விளக்கத்தை ஆசிரியரே எழுதித் தருவதே சரி. பட்டறையில் கடைந்த தாமிரத் தகடு ஒன்றும் தேவைப்படும். அதை எந்த நிறுவனமும் பெட்டியில் வைத்து விற்பதாகத் தெரியவில்லை.